வழிபாட்டுக் கூட்டமும் சட்டத்தின் காவலும்

தனித்திருந்து இறைவனை நினைப்பதற்கு எவருடைய அனுமதியும் வேண்டியதில்லை. உள்ளத்துள் நிகழும் செபத்தைக் கலைக்கவல்ல படையும் இல்லை. அதனைக் காக்க ஒரு சட்டமும் வேண்டுவதில்லை. ஆனால் மக்கள் ஓரிடத்திற் கூடி, மணி ஒலிக்க, மேளம் முழங்க, வீதியிலே சுவாமி எழுந்தருள வழிபடும்பொழுது நிலைமை வேறாகின்றது. அவ்வீதியில் அயலவனும் வாழ்கிறான். அவனுக்கும் ஒரு வழிபாடு உண்டு. அதற்கும் ஒரு நேரம் உண்டு. இரண்டு கூட்டத்தாரும் ஒரே வேளையில் ஒரே இடத்தில் எதிர்ப்படும்பொழுதுதான் சட்டம் என்ற ஒன்று நடுவே வந்து நிற்கின்றது.

நமது முந்தலுக்கு இது தொலைவான விஷயமன்று. கொழும்பிலிருந்து புத்தளம் செல்லும் நெடுஞ்சாலையிலே, சிலாபத்திற்கு வடக்கே நாம் வாழ்கிறோம். தெற்கே முன்னேஸ்வரம், கடலோரத்திலே ஆடி மாதம் திரௌபதை அம்மன் தீமிதிப்புக்குப் பெயர்பெற்ற உடப்பு, வடக்கே மார்ச்சு மாதத்திலும் ஆகஸ்டு மாதத்திலும் கத்தோலிக்க யாத்திரிகர் திரளும் தலவில் அன்னம்மாள் ஆலயம், இடையிடையே பள்ளிவாசல்களும் விகாரைகளும். இலங்கையின் நான்கு சமயங்களும் இத்துணை நெருக்கமாக வாழும் கரையோரங்கள் அதிகமில்லை. ஆதலால், சமயக் கூட்டங்களைக் காக்கும் சட்டம் இந்நாட்டில் எவ்வாறு தோன்றியது, யாரைக் காக்கின்றது, எங்கே தடுமாறியது என்பவற்றை நமது வாலிபர்கள் அறிந்திருத்தல் நலம் எனக் கருதி இதனை எழுதுகிறோம்.

காவல் இல்லாத காலம்

சட்டத்தின் அருமையை அறிய, அது இல்லாத காலத்தை முதலில் நோக்குதல் வேண்டும். கோட்டை அரசன் ஆறாம் பராக்கிரமபாகு மானியம் அளித்துப் போற்றிய முன்னேஸ்வரம், 16ஆம் நூற்றாண்டிலே போர்த்துக்கேயரால் இடிக்கப்பட்டது. யாழ்ப்பாண இராச்சியம் 1619இல் வீழ்ந்தபின் நல்லூர்க் கோயிலும் அவ்வாறே அழிந்தது. பின் கண்டி மன்னன் கீர்த்தி ஸ்ரீ இராசசிங்கன் காலத்திலேதான் முன்னேஸ்வரத்தில் மீண்டும் விளக்கேறியது.

இவற்றை நாம் அடிக்கடி கூறுகிறோம், கூறவும் வேண்டும். ஆயினும் வரலாறு ஒரு பக்கத்தை மட்டும் எழுதிவைக்கவில்லை. 1544இல் மன்னாரிலே புதிதாக ஞானஸ்நானம் பெற்ற நூற்றுக்கணக்கானோர் யாழ்ப்பாணத்து அரசன் சங்கிலியின் ஆணையாற் கொல்லப்பட்டனர். ஒல்லாந்தர் காலத்திலே துன்பம் கத்தோலிக்கரை நோக்கித் திரும்பியது. 1658இல் ஒல்லாந்தர் பிறப்பித்த கட்டளைப்படி கத்தோலிக்கக் குருவுக்கு மறைவிடம் கொடுத்தவனுக்கு மரணதண்டனை. 1687இல் யாழ்ப்பாணத்தை அடைந்த யோசேவாஸ் அடிகள் இரவிலே, அடைத்த கதவுகளுக்குள்ளே பூசை செய்து, இடம் விட்டு இடம் மாறித் திரிந்தார். 1690இல் அவர் வந்து சேர்ந்த இடம் நமது புத்தளம்! புத்தளம் அப்பொழுது ஒல்லாந்தர் கையில் இல்லை. கண்டி அரசின் கீழ் இருந்தது. பௌத்த அரசன் ஒருவனுடைய நிலத்திலேதான் கத்தோலிக்கக் குரு பகலிலே பூசை செய்ய முடிந்தது. 2015 ஜனவரி 14ஆம் திகதி காலிமுகத்திடலில் அவர் புனிதராக உயர்த்தப்பட்டபோது இச்செய்தியை நினைத்தவர் எத்தனை பேரோ!

ஆங்கிலேயர் வந்தபின், தேசாதிபதி மேயிட்லண்ட் 1806இல் கத்தோலிக்கர் மீதிருந்த ஒல்லாந்தர் காலத் தடைகளை நீக்கினார். 1815 மார்ச்சு 2ஆம் திகதி கைச்சாத்தான கண்டி உடன்படிக்கையின் 5ஆம் வாசகம் பௌத்த சமயத்தையும் அதன் கிரியைகளையும் தலங்களையும் பேணிக் காப்பதாக வாக்களித்தது. ஆனால் இவையெல்லாம் ஒவ்வொரு சமயத்தார்க்குத் தனித்தனியே கொடுத்த சலுகைகள். எல்லாச் சமயத்தார்க்கும் பொதுவான காவல் இன்னும் பிறக்கவில்லை.

1883ஆம் ஆண்டின் சட்டக்கோவை

அக்காவல் 1883ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தண்டனைச் சட்டக்கோவையிலே பிறந்து, 1885 ஜனவரி முதலாந் திகதி நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்மாதிரி 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம். அதன் முதல் வரைவை 1837இல் ஆக்கியவர் மெக்காலே பிரபு. நமது மொழிகளையும் நூல்களையும் இகழ்ந்தவர் என்று நாம் அறிந்த அதே மெக்காலே, கோயில் விஷயத்திலே நடுவுநிலை தவறாத ஒரு விதியை வரைந்தார் என்பது வியப்புக்குரியது.

நமது சட்டக்கோவையின் 290ஆம் பிரிவு, வழிபாட்டிடத்தையோ ஒரு கூட்டத்தார் புனிதமெனக் கொள்ளும் பொருளையோ, அவர்களது சமயத்தை இழிவுபடுத்தும் எண்ணத்துடன் சேதப்படுத்துவதைக் குற்றமாக்குகின்றது. 291ஆம் பிரிவே நாம் எடுத்துக்கொண்ட பொருளுக்கு உயிர்நிலை. சட்டப்படி வழிபாட்டிலோ சமயக் கிரியையிலோ ஈடுபட்டிருக்கும் கூட்டத்திற்கு வேண்டுமென்று குழப்பம் விளைப்பவனுக்கு ஓராண்டு வரை சிறை, அல்லது குற்றப்பணம், அல்லது இரண்டும் என்பது அதன் சாரம். 292ஆம் பிரிவு மயானத்தையும் ஈமக்கிரியைக்குக் கூடியோரையும் காக்கின்றது. சொல்லாலும் சைகையாலும் சமய உணர்வைப் புண்படுத்துவோரைப் பற்றிய 291அ, 291ஆ என்னும் பிரிவுகள் பின்னர்ச் சேர்ந்தவை; எண்ணோடு எழுத்து ஒட்டி நிற்பதே அதற்குச் சான்று.

291ஆம் பிரிவின் சொற்களை நாம் சற்று நிதானித்து நோக்குதல் வேண்டும். அது கடவுளைக் காக்கவில்லை; கடவுளுக்குப் பொலிசாரின் துணை வேண்டியதில்லை. ஒரு கொள்கையையும் அது காக்கவில்லை. எது மெய்ச்சமயம் என்று அது கேட்பதுமில்லை. அது காப்பது கூடியிருக்கும் மக்களை. அவர்களுடைய அந்த ஒரு மணி நேர அமைதியை. பெருங்கோயிலின் தேர்த்திருவிழாவுக்கும், ஓலைக் குடிசையிலே பத்துப்பேர் கூடிச் செய்யும் செபத்துக்கும் சட்டத்தின் முன் ஒரே நிறை. ‘சட்டப்படி’ என்ற சொல் கூடியிருப்போர் மீதும் ஒரு கடமையை வைக்கின்றது. ‘வேண்டுமென்று’ என்ற சொல்லோ பகையால் செய்ததை மட்டும் குறிப்பதன்று. இன்னது நேரக்கூடும் என்று அறிந்தும் செய்வதும் அதனுள் அடங்கும். ‘எனக்கு அவர்கள்மேல் விரோதம் இல்லை, என் மேளத்தை நான் அடித்தேன்’ என்பது எல்லா வேளையிலும் விடையாகாது.

கொட்டாஞ்சேனை

சட்டக்கோவை எழுதப்பட்ட அந்த 1883ஆம் ஆண்டிலேயே அதன் தேவையைக் காட்டும் நிகழ்ச்சி கொழும்பில் நடந்தது. கொட்டாஞ்சேனையிலே, பாணந்துறை விவாதத்தாற் புகழ்பெற்ற மிகெட்டுவத்தே குணானந்த தேரரின் விகாரையில் விழா. அருகே கத்தோலிக்கரின் சாந்த லூசியா பேராலயம். கத்தோலிக்கருக்கோ தவக்காலம். மார்ச்சு 25ஆம் திகதி உயிர்த்த ஞாயிறன்று விகாரையை நோக்கி வந்த பெரஹரா தாக்கப்பட்டது. ஓர் உயிர் போயிற்று, பலர் காயமுற்றனர், வண்டியிழுத்த எருதுகளும் மாண்டன. சாட்சியம் போதாதெனக் குற்றவாளிகள் தண்டனையின்றித் தப்பினர்.

பௌத்தர்கள் மனம் நொந்து, கேணல் ஒல்கொட்டை 1884இல் லண்டனுக்கு அனுப்பி முறையிட்டனர். அதன் பயன்களுள் ஒன்று 1885 முதல் வெசாக் பௌர்ணமி பொது விடுமுறையானமை. கலகத்தைத் தூண்டியோர் தப்பினர் எனினும், ஒரு சமயத்தார் தம் குறையைக் கையால் அன்றிக் கடிதத்தாலும் வாதத்தாலும் தீர்த்துக்கொண்ட முறை நாம் போற்றத்தக்கது.

வீதி யாருடையது?

கோயிலுக்குள் கூடியவரைக் காப்பது எளிது. ஊர்வலம் வீதிக்கு வந்தாலோ, ஒருவர் வழிபாடே மற்றவர்க்குக் குழப்பமாகின்றது. பாரதத்திலும் இதே சிக்கல் எழுந்தது. 1882இல் சேலத்திலே பள்ளிவாசலும் ஊர்வலமும் காரணமாக இந்துக்களும் முஸ்லிம்களும் மோதினர். பிற்காலத்தில் காங்கிரசின் தலைவராய் விளங்கிய விஜயராகவாச்சாரியாரும் அதில் குற்றஞ்சாட்டப்பட்டு, மேல்நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டார். அடுத்த ஆண்டு சென்னை உயர்நீதிமன்றம் ஒரு நெறியை வகுத்தது: அரச வீதி எல்லார்க்கும் பொது, ஒரு சமயத்தாரின் ஊர்வலத்தை மற்றையோர் பிடிக்கவில்லை என்று தடுத்தல் ஆகாது, ஆயினும் வழிபாடு நடக்கும் வேளையில் இசையை நிறுத்துமாறு பணிக்க அதிகாரிக்கு உரிமை உண்டு.

இலங்கையில் இவ்வினா கம்பளையில் எழுந்தது. வல்லகாகொட தேவாலயத்தின் பெரஹரா நெடுங்காலமாக அம்பகமுவ வீதி வழியே மேளத்துடன் செல்வது வழக்கம். அவ்வீதியிலே கரையோரச் சோனகரின் பள்ளிவாசல் பின்னாளில் எழுந்தது. பள்ளிவாசலை அண்மித்ததும் மேளத்தை நிறுத்த வேண்டும் என்று 1912இல் அதிகாரிகள் நிபந்தனை விதித்தனர். தேவாலயத்துப் பஸ்நாயக்க நிலமே அதனை ஏற்காது, 1815ஆம் ஆண்டு உடன்படிக்கையின் 5ஆம் வாசகத்தைக் காட்டிச் சட்டமா அதிபர்மேல் வழக்குத் தொடுத்தார். கண்டி மாவட்ட நீதிபதியாயிருந்தவர் வரலாற்றாசிரியர் போல் பீரிஸ். அவர் 1914இல் தேவாலயத்தின் பக்கம் தீர்ப்பளித்தார். உயர்நீதிமன்றமோ 1915 பெப்ரவரியில் அத்தீர்ப்பை மாற்றியது. 1865ஆம் ஆண்டின் பொலிஸ் கட்டளைச் சட்டமும் பின்வந்த உள்ளூராட்சிச் சட்டமும் மேலோங்கும் என்றது.

சட்ட நூல்களிலே இது ஒரு வழக்கு. மக்கள் உள்ளத்திலோ அது ஆறாத புண்ணாயிற்று. மூன்று மாதங்கள் கழிந்தன. 1915 மே 28ஆம் திகதி வெசாக் இரவிலே, கண்டி நகரத்துப் பள்ளிவாசலொன்றின் அருகே பக்திப்பாடல் ஊர்வலம் வந்தபோது கலகம் மூண்டது. அது சில நாட்களுள் ஐந்து மாகாணங்களுக்குப் பரவியது. நமது வடமேல் மாகாணமும் அவற்றுள் ஒன்று. கலகக்காரரால் 25 பேர் கொல்லப்பட்டனர். 17 பள்ளிவாசல்கள் எரியுண்டன, 86 சேதமுற்றன. ஜூன் 2ஆம் திகதி இராணுவச் சட்டம் பிறந்தது. அதன் கீழ் நடந்த சுட்டுக்கொலைகளும் அவசர விசாரணைகளும் கலகத்தையே மறக்கச் செய்தன. சேர் பொன்னம்பலம் இராமநாதன் சட்டநிரூபண சபையில் முழங்கி, கடல் கடந்து சென்று நீதி கேட்டு, 1916இல் நூலும் எழுதினார். சிங்களப் பெருமக்கள் அவரைக் கொண்டாடினர். வீடும் கடையும் இழந்த முஸ்லிம்கள், தம் துயரை அவர் அதே அளவிற் பேசவில்லை என வருந்தினர். இரண்டும் வரலாறே.

கண்டி உடன்படிக்கையின் நூறாவது ஆண்டிலே இது நடந்தது என்பதை எண்ணும்போது நமது நெஞ்சம் நடுங்குகின்றது. சமயத்தைக் காப்பதாக எழுதிய ஒரு வாசகத்தின் பெயரால் தொடங்கிய வழக்கு, 86 வழிபாட்டிடங்களின் சேதத்துடன் அந்த நூற்றாண்டை முடித்தது. நீதிமன்றத்தின் தீர்ப்பு எவ்வளவு சரியாயினும், இரண்டு ஊரவர் ஒரு திண்ணையில் இருந்து பேசித் தீர்க்கும் இணக்கத்துக்கு அது ஈடாகாது.

உள்ளிருந்து வரும் குழப்பம்

வழிபாட்டைக் குழப்புவோர் எப்பொழுதும் புறச்சமயத்தார்தாம் என்று எண்ணுதல் தவறு. 1885இல் அலகாபாத் உயர்நீதிமன்றத்தின் முன் ஒரு வழக்கு வந்தது. பள்ளிவாசலிலே தொழுகையின்போது ‘ஆமீன்’ என்பதை ஒரு சாரார் உரத்துச் சொன்னார்கள். மற்றவர் அதனைக் குழப்பம் என்றார்கள். சையத் மஹ்மூத் என்னும் நீதிபதி இஸ்லாமிய நூல்களைத் தாமே ஆராய்ந்து, தன் சமய நெறிப்படி உண்மையாகத் தொழுபவன் குரலை உயர்த்தினான் என்பதற்காகக் குற்றவாளியாகான் என்று தனிக் கருத்து எழுதினார்.

நமது வீட்டிலும் இத்தகைய கதை உண்டு. 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம், சாதி காரணமாக ஒருவனைக் கோயிலுக்குட் செல்லவிடாது தடுப்பதைக் குற்றமாக்கியது. ஆயினும் 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலின் வாசலிலே, உள்ளே சென்று கும்பிட வந்த சைவ மக்களைச் சைவ மக்களே மறித்து நின்றனர். மறித்தோரின் முன்னணியில் நின்றவர் கணித வல்லுநரும் முன்னாள் அமைச்சருமான சுந்தரலிங்கம். அவர் அச்சட்டத்தின் கீழ்க் குற்றவாளியாகக் காணப்பட்டார். கும்பிட வந்தவனை வாசலில் நிறுத்துவதிலும் பெரிய குழப்பம் வழிபாட்டுக்கு வேறு எது? போர்த்துக்கேயன் கோயிலை இடித்தான் என்று கண்ணீர் வடிக்கும் நாம், சொந்தக் கதவை அடைத்த நாளையும் அதே ஏட்டிலே எழுதிவைத்தல் வேண்டும்.

ஒலிபெருக்கியும் பிறவும்

மேளம் போய் ஒலிபெருக்கி வந்தபின் வழக்கும் உருமாறியது. வெலிகமையிலே ஒரு பள்ளிவாசலின் ஒலிபெருக்கி அனுமதி பற்றி எழுந்த வழக்கில், உயர் நீதிமன்றம் 2007 நவம்பரில் ஒரு கட்டளையிட்டது. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கியின் ஓசை பிறரைத் தாக்கலாகாது; சமயம் என்ற காரணம் மட்டும் அதற்கு விலக்கு ஆகாது. அத்தீர்ப்பு பள்ளிவாசலுக்கு மட்டும் உரியதன்று. விகாரைக்கும் தேவாலயத்துக்கும், திருவிழாக் காலத்திலே தென்னைமரந்தோறும் குழாய் கட்டும் நமது கோயில்களுக்கும் உரியது.

நமது அயலிலே, 2011 செப்டெம்பரில் முன்னேஸ்வரம் பத்திரகாளி கோயிலுக்கு அமைச்சர் ஒருவர் ஆட்களுடன் வந்து, பலிக்கென நின்ற ஆடுகளையும் கோழிகளையும் ஏற்றிச் சென்றார். உயிர்ப்பலியை ஏற்காத சைவர் நம்முள் பலர். ஆயினும் ஒரு வழக்கத்தை விலக்குதல் அறிவுரையாலோ நீதிமன்றத்தாலோ நடக்க வேண்டியதன்றி, கோயில் முன்றலிலே ஆள்பலத்தால் நடக்கத்தக்கதன்று. பின்னர் அவ்விஷயம் நீதிமன்றத்தின் முன் சென்றது, அதுவே முறை.

2019 ஏப்ரல் 21ஆம் திகதி உயிர்த்த ஞாயிறன்று கொச்சிக்கடையிலும் கட்டுவப்பிட்டியிலும் மட்டக்களப்பிலும் பூசைக்குக் கூடியிருந்தோர்மீதும், கொழும்பு விடுதிகளிலும் குண்டுகள் வெடித்தன. 260க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஓராண்டுச் சிறை என்று எழுதிய ஒரு பிரிவு அத்தகைய கொடுமைக்கு முன் என்ன செய்யும்! அதன்பின் வாரக்கணக்காகக் கத்தோலிக்கர் ஞாயிறு பூசையைத் தொலைக்காட்சியிலேயே கண்டனர். மே மாதம் 12ஆம் திகதி, முகநூலில் எழுதிய ஒரு வாக்கியத்தைப் பிழையாக விளங்கிக்கொண்டு, சிலாபத்திலே முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அடுத்த நாள் நமது மாவட்டத்திலேயே ஒரு முஸ்லிம் கொல்லப்பட்டார். குற்றமற்ற கூட்டம் ஒன்று கலைக்கப்பட்டதற்குப் பழியாக, குற்றமற்ற இன்னொரு கூட்டம் கலைக்கப்பட்டது.

சட்டத்தை மிகைப்பட நீட்டினாலும் தீங்குண்டு. சமயப் பகையைத் தூண்டுவதைத் தடுக்க 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டம் வந்தது. 2019இல் அதன் கீழ், ஒரு சிறுகதை எழுதியதற்காகச் சக்திக சத்குமார என்னும் சிங்கள எழுத்தாளர் ஏறத்தாழ நான்கு மாதம் மறியலில் இருந்தார். கூட்டத்தைக் கலைப்பது வேறு. கூட்டத்தாருக்குப் பிடிக்காத ஒன்றை வேறோரிடத்தில் எழுதுவது வேறு. பழைய 291ஆம் பிரிவின் சிறப்பு, அது தன் எல்லையை அறிந்திருந்தது என்பதே.

நமது கடமை

இவ்வரலாற்றால் நாம் பெறுவது யாது? 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பு 9ஆம் உறுப்புரையிலே பௌத்தத்துக்கு முதன்மை கொடுக்கின்றது. 10ஆம் உறுப்புரையில் எவரும் எச்சமயத்தையும் கொள்ளலாம் என்கின்றது. 14ஆம் உறுப்புரையில், தனித்தோ கூடியோ வெளிப்படையாக வழிபடும் உரிமையைக் குடிமக்கள் எல்லார்க்கும் வழங்குகின்றது. எண்ணிக்கையிற் சிறியோராகிய நமக்கு இவ்வெழுத்துக்கள் பெருந்துணை. ஆனால் நமது தீமிதிப்பைக் காக்கும் வரியே அயலவனின் வெள்ளிக்கிழமைத் தொழுகையையும், ஞாயிறு பூசையையும், பௌர்ணமி பணவோசையையும் காக்கின்றது. அதில் ஒரு சொல்லை நமக்காக அறுத்தெடுக்க முடியாது.

மிஷன் பாடசாலைகளிலே கற்ற நம்மிற் பலர், காலைச் செபத்தின்போது நாம் சொல்லாத செபத்துக்கும் கைகட்டி அமைதியாய் நின்றிருக்கிறோம். அதனால் நமது சைவம் குறைந்துவிடவில்லை. பிறர் வழிபாட்டின் முன் அமைதி காத்தல் அவர் கொள்கைக்கு உடன்படுதல் ஆகாது என்பதை அந்த நாட்களிலேயே கற்றுக்கொண்டோம்.

ஆதலால் வாலிபர் சங்கத்தவர்க்குச் சில வேண்டுகோள் விடுக்கிறோம். திருவிழாத் திகதி குறித்ததும், சுவாமி செல்லும் வீதியிலுள்ள பள்ளிவாசலாருக்கும் கோவிற்பற்றுக் குருவுக்கும் விகாராதிபதிக்கும் நேரில் சென்று அறிவியுங்கள். அவர்களுடைய தொழுகை நேரத்தைக் கேட்டறிந்து, அவ்வேளையில் அவ்விடத்தில் மேளம் ஓயும்படி முன்கூட்டியே ஒழுங்கு செய்யுங்கள். அதிகாரி கட்டளையிட்டு ஓய்வது வேறு, நாமாக ஓய்வது வேறு. இரவு 10 மணிக்குப் பின் ஒலிபெருக்கியை நிறுத்துங்கள். கோயில் வாசலில் எக்குலத்தாரும் தடையின்றி நுழையும்படி காவல் நில்லுங்கள். தலவிலுக்குச் செல்லும் யாத்திரிகர் நமது ஊரைக் கடக்கும் நாட்களிலே தண்ணீர்ப் பந்தல் வையுங்கள். ஒருவேளை நமது கூட்டத்தை எவரேனும் குழப்பினால், கல்லை எடாது, பொலிசில் முறையிட்டு, சாட்சி சொல்ல அஞ்சாது முன்வாருங்கள். 1883இல் குற்றவாளிகள் தப்பியது சாட்சியம் போதாமையால் என்பதை மறவாதீர்கள்.

எல்லாக் கோயில்களிலும் மணி தடையின்றி ஒலிப்பதாக! முந்தல் வாழ் மக்கள் யாவரும் அவரவர் நெறிநின்று அமைதியுற வாழ எல்லாம்வல்ல இறைவன் திருவருள் பாலிப்பானாக!